வந்தாச்சு

இருபத்தொரு வருடங்களாக, தினமும் மாலை நாலு பத்துக்கு, அந்த ஊரின் மேல் ஒரு விமானத்தின் நிழல் கடந்து போனது. விமானம் கிடையாது. நிழலும் எஞ்சின் சத்தமும் மட்டும். நீர்த்தொட்டிப் பக்கம் தொடங்கி, பள்ளிக்கூடக் கூரையில் ஏறி இறங்கி, சந்தைத் தெருவின் தார்ப்பாய்களைத் தடவிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒருமுறை மடிந்து நிமிர்ந்து, விமான நிலையத்தின் கம்பிவேலியைத் தாண்டி, ஓடுபாதை முடிகிற இடத்தில் காணாமல் போகும். வெயிலிலும் விழும், மேகம் மூடியிருந்தாலும் விழும், மழை ஈரத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பாக விழும். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்துத்தான் கடைசி மணி அடித்தார்கள். துணி காயப்போட்டவர்கள் அது போன பிறகு எடுத்து மடித்தார்கள். நிழலுக்குள் அகப்பட்டவர்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும். ஒரு கொட்டாவி விட்டால் சரியாகிவிடும். செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே வந்துகொண்டிருந்த விமானம், நிழலான பிறகுதான் தினமும் வர ஆரம்பித்தது. ஊரின் விமான சேவையில் இத்தனை வருடத்தில் ஏற்பட்ட ஒரே முன்னேற்றம் அதுதான் என்று வேலிக்கு வெளியே இருந்த டீக்கடைக்காரர் சிரிக்காமல் சொல்வார்.

நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் பெண்ணை ஊரில் எல்லாரும் 'வந்தாச்சு' என்றே கூப்பிட்டார்கள். நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடக் கூடாது. ஒரு கூடம், ஒரு எடைமேடை, மின்விசிறி இரண்டு, அதில் ஒன்று சுற்றும். ஓடுபாதை ஓட ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடும் என்று விமானிகள் கேலி பேசுவார்கள். விளக்குகள் கிடையாது, மேகம் இறங்கினால் வழிகாட்ட எந்தக் கருவியும் கிடையாது. மூட்டை தூக்குகிற இரண்டு பேரும் டீக்கடையில்தான் இருப்பார்கள். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு சொன்னால் அவர்கள் டம்ளரை வைத்துவிட்டு வந்து சேர்வதற்குள் பயணிகளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் எஞ்சின் சத்தம் காதில் விழுந்ததுமே ஒலிபெருக்கியில் "விமானம் வந்து சேர்ந்தது" என்று சொல்லிவிடுவது அவள் வழக்கம். யாருக்கும் அது பொய்யாகப் படவில்லை. அந்த ஊர்ப் பேச்சே அப்படித்தான். போர்வைக்குள் இருந்துகொண்டு 'கிளம்பிட்டேன்' என்பார்கள், செருப்பைத் தேடிக்கொண்டே 'பாதி தூரம் வந்துட்டேன்' என்பார்கள். 'இதோ வந்துட்டேன்' என்றால் இன்னும் வரவில்லை, வரப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று பொருள். ஆறு வருடம் அவள் அப்படியே சொன்னாள். ஆறு வருடமும் விமானம் அவள் வார்த்தையைக் காப்பாற்றியது.

அவளை வளர்த்தது அக்கா. ஐந்து வயதுதான் மூத்தவள், ஆனால் அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது எல்லாம் அவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். எதிரே நிற்பவரின் கண்ணாடி கோணலாக இருந்தால் கேட்காமலே கழற்றி நிமிர்த்திவிடுவாள், கை சும்மா இருக்காது. அந்த அக்காவுக்குப் பித்தப்பையில் கல் வந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் அதை எடுக்க ஆள் இல்லாததால் ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் பெரிய நகரத்துக்குப் போனாள். திரும்பும்போதும் பஸ்ஸிலேயே வருகிறேன் என்றவளைத் தங்கைதான் தடுத்தாள். "தையல் போட்ட வயித்தோட பஸ்ல குலுங்க வேணாம்க்கா. பிளேன்ல வா, நான் டிக்கெட் போட்டுத் தர்றேன்" என்றாள். விமானம் என்றால் அக்காவுக்கு உள்ளூரப் பயம். இருந்தாலும் தங்கை சொன்னால் சரி. ஏறுவதற்கு முன்னால் போன் செய்தாள். "இதோ வந்துட்டேன்டி. வெந்நீர் போட்டு வை" என்றாள்.

அன்றைக்குச் செவ்வாய். மேகம் கூரை வரைக்கும் இறங்கியிருந்தது. நாலு பத்துக்குச் சத்தம் கேட்டதும், இந்தப் பெண் மற்ற நாட்களை விடக் கொஞ்சம் அதிக சந்தோஷத்தோடு, "விமானம் வந்து சேர்ந்தது" என்று அறிவித்தாள். அவள் குரலைக் கேட்டுத்தான் மேலாளர் எப்போதும் பதிவேட்டை நிரப்புவார்; அன்றும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். மூட்டைக்காரர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். சத்தம் தலைக்கு மேல் வந்தது, கூரைத் தகரம் அதிர்ந்தது, பிறகு மேலேறியது. ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. அப்புறம் மேகத்துக்குள் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றுவிட்டது. பதினேழு பயணிகள், இரண்டு விமானிகள், ஆக மொத்தம் பத்தொன்பது பேர். மறுநாள் நாலு பத்துக்கு முதல் தடவையாக நிழல் விழுந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. பதிவேட்டின்படி விமானம் வந்து சேர்ந்துவிட்டது, வந்து சேர்ந்த விமானத்தைத் தேட விதிகளில் இடமில்லை. அதோடு தேடுதல் முடிந்தது, அதாவது தொடங்கவே இல்லை. பதிவேட்டைத் திருத்தச் சொல்லி அந்தப் பெண் மேலாளரிடம் போய் நின்றாள். அவரை முந்திக்கொண்டு மூத்த மூட்டைக்காரர் குறுக்கே வந்தார். அவர் மனைவியும் அந்த விமானத்தில்தான் இருந்தாள். "வரலைன்னு உன் வாயால சொல்லிடாதேம்மா" என்று அவர் கைகூப்பியதும் இவள் திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தச் சொல்லை ஊரில் யாருமே சொல்லவில்லை. பத்தொன்பது வீடுகளில் ஒரு வீட்டிலும் ஒப்பாரி கேட்கவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. செருப்புகள் வாசலிலேயே கிடந்தன. அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். 'வந்தாச்சு' என்ற பட்டப்பெயரைக்கூட அவர்கள் மாற்றவில்லை. பழைய பாசத்தோடே கூப்பிட்டார்கள், அவள் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு விமான நேரத்தைக் காலைக்கு மாற்றினார்கள். விமானம் நின்று, கதவு திறந்து, முதல் ஆள் படியில் கால் வைத்த பிறகே அவள் வாய் திறந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஓடுபாதை முடிகிற இடத்துக்கு நடந்து போவாள். அந்த நிழலில் ஜன்னல்கள் உண்டு. கறுப்புக்கு நடுவே வரிசையாக வெளிச்சத் துண்டுகள். பின்னாலிருந்து மூன்றாவது துண்டில் ஒரு தலை தெரியும், உச்சிக்குக் கொஞ்சம் இடதுபுறமாகச் சாய்ந்த கொண்டையோடு. அந்தக் கொண்டையை அவளுக்குத் தெரியாதா. ஜன்னல் தன் மேல் விழும்படி இடம் பார்த்து நிற்பாள். இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியும் ஆஸ்பத்திரி மருந்து வாசனை வரும், யாரோ பக்கத்து இருக்கைக்காரர் இருமுவது கேட்கும். பிறகு வீட்டுக்குப் போய் வெந்நீர் போடுவாள். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களிடம் அக்கா வரட்டும் என்றாள். கேட்டு வருவது நின்ற பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னை யாரும் அக்கா என்று கூப்பிட அவள் விட்டதில்லை. "அந்த வார்த்தைக்கு ஆள் இருக்கு, மேல சுத்திக்கிட்டு இருக்கு" என்பாள். இருபத்தொரு வருடத்து இரண்டு நொடிகளைக் கூட்டிப் பார்த்தால் நாலேகால் மணி நேரம் வரும். ஒன்பது மணி நேர பஸ்ஸில் பாதிகூட இல்லை.

பதினெட்டாவது வருடம், நிலையத்தை மேம்படுத்தலாமா என்று கருத்துக் கேட்க அதிகாரி ஒருவர் வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஓடுபாதை இரண்டு மடங்கு நீளமாகும், விளக்கு வரும், மேகத்திலும் இறக்கும் கருவி வரும் என்றார். நோயாளிகளை நாற்பது நிமிடத்தில் நகரத்துக்குக் கொண்டுபோகலாம், நிபுணர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பலாம், காளான் வளர்ப்பவர்கள் பறித்த அன்றே அனுப்பலாம், இருநூறு பேருக்கு வேலை என்றார். காளான்காரர் எழுந்து, வாடாமல் போகுமா என்று மூன்று தடவை கேட்டார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, சத்தத்தில் பாடம் நடக்குமா என்று கேட்டு, இப்போதே ஒன்று தினமும் போகிறது என்று ஞாபகம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். கடைசியாக வந்தாச்சு எழுந்தாள். இதனால் உங்களுக்கு என்ன நன்மை என்று அதிகாரி கேட்டார். "ஒரு பிளேன் எறங்கும் சார்" என்றாள். எத்தனை பயணிகளை எதிர்பார்க்கிறீர்கள் என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார். "பதினேழு. விமானிங்க ரெண்டு பேர்." பிறகு மூத்த மூட்டைக்காரர் கையை உயர்த்தினார், அவருக்குப் பின்னால் மண்டபம் முழுக்க உயர்த்தியது. ஊரே ஒருமனதாக ஆதரித்த முதல் அரசுத் திட்டம் அது என்று அதிகாரி தன் அறிக்கையில் எழுதினார். காரணம் காளான் என்று எழுதினார்.

வேலை மூன்று வருடம் நடந்தது. ஜல்லி கொட்டிய லாரிகளும் தார் உருளைகளும் நாலு பத்துக்கு நின்று, நிழல் போன பிறகு நகர்ந்தன. வெளியூர் கூலியாட்கள் முதல் வாரம் பயந்து ஓடினார்கள், இரண்டாவது வாரம் அதை டீ நேரமாக ஆக்கிக்கொண்டார்கள். சொன்ன நன்மைகள் எல்லாம் வந்தன, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பாதையில் புதிதாக நீட்டிய பகுதியின் முதல் பாதி திறந்த மாதமே, குழந்தை குறுக்கே கிடந்த ஒரு பிரசவத்தை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு உயிராகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வாரம் ஒருநாள் அறுவை சிகிச்சை நிபுணர் வந்தார்; பித்தப்பைக் கல்லை ஊரிலேயே எடுத்தார்கள், எடுத்த கல்லை ஒருவர் புட்டியில் போட்டு எல்லாரிடமும் காட்டினார். அந்தப் புட்டியைப் பார்த்த அன்று வந்தாச்சு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். இந்த டாக்டர் அன்றைக்கே இருந்திருக்கக் கூடாதா என்றாள். டீக்கடைக்காரர் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார். அவர் கடைக்கு இப்போது கண்ணாடிக் கதவு இருந்தது.

ஆனால் அவள் கேட்ட ஒன்று மட்டும் நடக்கவில்லை. விளக்குகள் எரிந்தன, கருவி சுழன்றது, புதுப் பாதை ஊர் எல்லை வரைக்கும் நீண்டு கிடந்தது. அதைக் கண்டதுபோல நிழல் நாளுக்கு நாள் பெரிதாகி, தாழ இறங்கி வந்தது. சந்தையில் தார்ப்பாய்கள் படபடத்தன. பாதையின் மேல் சக்கரங்களின் நிழல் தார் உரச வரும், இதோ தொடப்போகிறது என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசிக் கணத்தில் சத்தம் மாறும், மேலேறிவிடும். இடம் இருந்தும் இறங்காமல் போவதை தினமும் பார்ப்பது, இடமே இல்லாத காலத்தை விடக் கொடுமையாக இருந்தது. அந்த நாட்களில் அவளுக்கு ஐம்பது வயது. எதைப் படிக்கவும் கண்ணாடி வேண்டியிருந்தது.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, அறிவிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு இளம்பெண் வந்தாள். இனி மைக் கிடையாது. வந்தாச்சுவின் குரலையே துண்டு துண்டாகப் பதிந்து வைத்து, கம்ப்யூட்டர் கோத்துச் சொல்லும். பழைய பதிவேடுகளையும் ஏற்றினாள். ஏற்றியதும் கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. முதலாம் நிறுத்துமிடத்தில் விமானம் நிற்கிறது, வேறு விமானத்துக்கு அதைத் தர முடியாது என்றது. அந்தப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது.

"மேடம், இருபத்தொரு வருஷத்துக்கு முன்னாடி நாலு பத்துக்கு ஒண்ணு வந்து சேர்ந்ததா இருக்கு. கிளம்பினதா இல்லையே?"

"வந்தாத்தானேம்மா கிளம்பும்" என்றாள் வந்தாச்சு. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஊர் விவகாரம் தெரியாது. சோதித்துப் பார்ப்பதற்காக அந்த வரிசையில் 'ரத்து' என்று அழுத்தினாள். அன்று மாலை நிழல் ஏழு நிமிடம் தாமதமாக, சாம்பல் நிறத்தில் வந்தது. ஜன்னல்கள் இல்லை. வந்தாச்சு வழக்கமான இடத்தில் நின்றாள். மருந்து வாசனை இல்லை, இருமல் இல்லை. புதுப் பாதை முழுக்க ஓடி வந்து, மூச்சு வாங்க, கம்ப்யூட்டர்ப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தியதை எடு என்றாள். அந்தப் பெண் எடுத்தாள். ஆனால் ஏதாவது ஒன்று போட்டுத்தான் ஆக வேண்டும், திறப்பு விழா விமானம் முதலாம் இடத்தில்தான் நிற்க வேண்டும் என்றாள். வந்தது, ரத்து இரண்டில் ஒன்று.

"ரெண்டும் இல்ல. வரல. வந்துக்கிட்டு இருக்கு."

"அப்படின்னா பழைய பதிவு தப்புன்னு ஆகணும் மேடம். தப்பா சொன்னவங்களே திருத்தணும்."

அவள் நேரே மூத்த மூட்டைக்காரர் வீட்டுக்குப் போனாள். அவருக்கு இப்போது மூட்டை தூக்க முடியாது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டால் இறங்கலாம், அல்லது சொன்ன சொல்லே அவர்களை ஒரேயடியாகக் கொண்டுபோய்விடலாம், எது என்று தனக்குத் தெரியாது, பயமாக இருக்கிறது என்றாள். "நீங்க வேணாம்னா சொல்லலண்ணே" என்றாள். அவர் உள்ளே கையைக் காட்டினார். மேஜையில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இருபத்தொரு வருஷமா ரெண்டு தட்டு கழுவுறேன். வந்த மாதிரியும் இல்ல, போன மாதிரியும் இல்ல. வாயைக் கட்டினது நான்தான். நீ சொல்லிடு."

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், மைக்கின் கடைசி நாள். நாலு மணிக்குப் பத்தொன்பது வீட்டு ஆட்களும் புதுக் கூடத்தில் வந்து நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, செய்தி பரவியிருந்தது. வானம் மூடிக்கிடந்தது. அவள் முதலில் பழைய பதிவேட்டில், அந்தச் செவ்வாய்க்கிழமை வரியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். சத்தம் கேட்க ஆரம்பித்ததும் மைக்கைப் பிடித்தாள். ஒலிபெருக்கி கொஞ்சம் கீச்சிட்டது. எழுதி வைத்திருந்த வாசகத்தை மடித்து வைத்துவிட்டு, வீட்டில் பேசுவதுபோலப் பேசினாள்.

"அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன். பார்க்காம சொல்லிட்டேன். நாலு பத்து விமானம் இன்னும் வரல."

கூடத்தில் ஒரு அழுகை கிளம்பியது, இருபத்தொரு வருடம் தேங்கியது, பத்தொன்பது வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில். அதற்குள் எஞ்சின் சத்தம் வந்துவிட்டதால் எது எது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. நிழல் பாதையின் தொடக்கத்தில் விழுந்தது. விளக்குகளின் வரிசை மேல் ஏறி வந்தது. சக்கரத்தின் நிழல் தாரைத் தொட்ட இடத்தில் புகை எழும்பியது, ரப்பர் நாற்றம் அடித்தது, நிழலுக்கு மேலே மேகத்திலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பழைய சிறிய விமானம் ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பாதையில் முக்கால்வாசி தூரம் ஓடி நின்றது. பழைய நீளம் போதாமல் போயிருக்கும் என்று பிறகு அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். வந்தாச்சு மைக்கை மூடி வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது. ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். அவள் எண்ணினாள். போனபோது இருந்த அதே சட்டை, அதே வயது. ஒருவர் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். பத்தொன்பது எண்ணி முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தது என்று அறிவித்தாள். தார் மேல் நடந்து வந்தவர்களுக்கு நிழல் விழவில்லை. அதைத்தான் அவர்கள் இத்தனை வருடமும் செலவழித்துவிட்டார்கள் என்று ஊரில் புரிந்துகொண்டார்கள். யாரும் அதை ஒரு குறையாகப் பேசவில்லை. மூத்த மூட்டைக்காரர், வேண்டாம் வேண்டாம் என்றவர்களைத் தள்ளிவிட்டு, தன் மனைவியின் பெட்டியைத் தானே தூக்கினார்.

அக்கா வயிற்றில் ஒரு கையை அணைத்தபடி மெதுவாக வந்தாள். முப்பத்துநாலு வயது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள், தப்பான ஊரில் இறங்கிவிட்டோமோ என்ற முகம். எதிரே நின்ற நரைத்த தலைப் பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டாள்.

"என்னங்க, இங்க மைக்ல பேசுற பொண்ணு என் தங்கச்சி. கொஞ்சம் கூப்பிட முடியுங்களா?"

இவள் கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டி நின்றது. அக்காவின் கை தானாக எழுந்தது. "பிரேம் கோணலா இருக்கும்மா, யார் மாட்டி விட்டது" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி, காம்பை இரண்டு விரலால் வளைத்து, தன் புடவைத் தலைப்பில் துடைத்து, திரும்ப மாட்டப் போனவள் அப்படியே நின்றாள். கண்ணாடி இல்லாத முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன்டி இப்படி ஆயிட்ட?" என்றாள்.

"லேட்டாயிடுச்சுக்கா" என்றாள் தங்கை.

அதற்குப் பிறகு வந்த விமானங்களையும் போன காளான்களையும் பற்றி அலுவலக அறிக்கைகளில் விவரமாக இருக்கிறது. குடும்ப அட்டை திருத்தும் அலுவலகத்தில், ஐம்பது வயதுக்காரி தங்கை என்றும் முப்பத்துநாலு வயதுக்காரி அக்கா என்றும் எப்படி எழுதுவது என்று ஒரு நாள் யோசித்துவிட்டு, மறுநாள் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். வெயிலில் இருவரும் நடக்கும்போது தங்கை ஒரு பக்கமாகத் தள்ளி நடந்து, தன் நிழல் அக்காவின் காலடியில் விழும்படி பார்த்துக்கொண்டாள்.

அந்த முதல் நாள் வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்டது வெந்நீர்தான். அன்று கூடத்துக்குக் கிளம்பும் முன்பே தங்கை போட்டு வைத்திருந்தாள். அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். தங்கை வெளியே கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர் விழுந்தது, பிறகு நின்றது. "அக்கா, ஆச்சா?" என்றாள்.

"இதோ வந்துட்டேன்டி."

அன்றைக்குப் போனில் கேட்ட அதே வார்த்தை. எழுந்து நின்று தாழ்ப்பாளையே பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னம்மா, அக்கா வந்தாச்சா?" என்றாள்.

"இன்னும் வரல" என்றாள். "வந்துக்கிட்டு இருக்கா."

தாழ்ப்பாள் விலகி, கதவு திறந்து, ஈரத் தலையோடு அக்கா வெளியே வந்து, கல்தரையில் இரண்டு பாதமும் நனைந்த தடம் பதித்து நின்றாள். அந்தத் தடம் இரண்டையும் குனிந்து பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பித் தங்கை சொன்னாள், வந்தாச்சு என்று.